எங்கிருந்து பேசுகிறீர்கள்

பதினோரு குளிர்காலம்
டுலூத் நகரத்து அவசர அழைப்பு அறையில்
இரவுக்கு நான்தான் குரல்.
மூச்சு நின்றவர்களின் மனைவிகள்,
பனித்தட்டு உடைந்து ஏரிக்குள் போன டிரக்காரன்,
பூனைக்காக அழுத ஒரு நீதிபதி,
எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றே:
எங்கிருந்து பேசுகிறீர்கள்?

பெயர் பிறகு. என்ன நடந்தது என்பதும் பிறகு.
இடம் தெரியாமல் வண்டி கிளம்பாது.

என் குடல் அழைத்தபோது மட்டும்
நான் எடுக்கவில்லை.
அதிகாலை நாலு மணிக்கு
இயந்திரம் உதிர்க்கும் சீஸ் பிஸ்கட்டாலும்
ஆறிய காபியாலும்
அதன் வாயை அடைத்தேன்.
ரத்தம் கண்ட முதல் நாள்
பீட்ரூட் தின்றதாக நினைவுபடுத்திக்கொண்டேன்.
நான் பீட்ரூட் தின்பதில்லை.

மார்லிஸ் ட்வெயிட், வயது நாற்பத்தொன்று,
எடை தொண்ணூற்றெட்டு பவுண்ட்.
கோட்டு மட்டும் தனியாக நடந்து போகிறது என்றான்
என் கணவன், சிரிக்காமல்.
க்ரோன் நோய் என்றார்கள்.
ஒன்றரை அடி குடலை வெட்டி எடுத்தார்கள்.
எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வருடத்தைச் சொன்னால்
வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள்.
ஒளி எதுவும் இறங்கவில்லை.
கீரைச்சாறு என்னை மீட்கவில்லை.
எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி,
குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
இன்றும் இருக்கிறது.
மீதி:
இருட்டில் தூங்கினேன்.
உட்கார்ந்து தின்றேன்.
இனி ஞாயிறுதோறும் வரமாட்டேன் என்று
அம்மாவிடம் சொன்னேன்.
அன்று இரவு வயிறு சும்மா கிடந்தது.
எந்த ஸ்கேனிலும் அது பதிவாகவில்லை.

இப்போது டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை.
கதவில் ‘முழுநல வழிகாட்டி’.
சான்றிதழின் சட்டத்தில் ஒரு மூலை உடைசல்.
கீழே நட்டுக் கழற்றும்போதெல்லாம்
மேலே தியானம் குலுங்கும்.

முதலில் வந்தவர் ராய்ஸ் கின்னுனென்,
தாதுக் கப்பலில் சமையல்காரர்.
இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுபவர்.
சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.
“எதைத் தின்னக் கூடாது, பட்டியல் கொடுங்கள்,”
தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்.

பட்டியல் இருந்தது. வண்ணத்தில் அச்சடித்தது.
அதை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு
பழைய குரலில் கேட்டேன்:
எங்கிருந்து பேசுகிறீர்கள்?

டயர் கடை மாடி, என்றார்.
பிறகு, கப்பல், என்றார்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
அதையும் கேட்டேன்.
தூக்குப் பாலம் எழும் மணியோசை வந்து, ஓய்ந்தது.

“அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடம்.
அவள் போன செய்தி
நான் அங்கே நிற்கும்போதுதான் வந்தது.
அன்றிலிருந்து அங்கேயே நின்று தின்கிறேன்.
சட்டியிலிருந்து.”

முகவரி கிடைத்துவிட்டது.
முன்பு இந்த இடத்தில் ஒரு பொத்தானை அழுத்துவேன்,
சைரன் கிளம்பும்.
இங்கே அனுப்ப வண்டி கிடையாது.
மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன்.
ஒரு நாற்காலி வாங்குங்கள் என்றேன்.
“இதற்கா அறுபது டாலர்?”
இந்த வாரத்துக்கு அவ்வளவுதான்.

ஏப்ரலில் எனக்கு மறுபடி ரத்தம்.
நாலு பேரின் நேரத்தைத் தள்ளிவைத்தேன்,
காரணத்தைச் சொல்லியே.
சீக்காளியிடமா நலம் படிப்பது என்று
ஒருத்தி பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.
கொடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.

ராய்ஸ் அழைத்தார், ஹ்யூரான் ஏரியில் எங்கோ இருந்து.
எஞ்சின் இரைச்சல். பாத்திரம் உருளும் சத்தம்.
வணக்கமில்லை, நலம் விசாரிப்பில்லை.
“மார்லிஸ், எங்கிருந்து பேசுகிறீர்கள்?”

குளியலறைத் தரை, என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.
உட்கார்ந்துகொண்டார்.