பதினொரு குச்சி

என் வேனுக்கு ஹாரன் கிடையாது.
தங்கை நிக்கோலாசா இருந்தாள்.
கதவில் தொங்கிக்கொண்டு
"செஹா, செஹா, சான் பேத்ரோ, பிராதோ"
என்று அவள் கூவினால்
லா பாஸ் சரிவில் நாலு தெரு தள்ளி நடப்பவன்
மூட்டையோடு ஓடிவருவான்.

ஜூன் குளிர். முதலில் காதில் சீழ்.
பிறகு காதுக்கு முன்னால்
தொட்டால் சுடுகிற வீக்கம்.
"வலப்பக்கம் பல்லோடு பல் சேரமாட்டேங்குது" என்றாள்.
கோகா இலையை இடது கடைவாய்க்கு மாற்றிக்கொண்டாள்.
திருவிழா வாரம். சவாரியை விட மனமில்லை,
அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

மூன்று விரல் நுழைந்த வாய்.
இரண்டு. ஒன்று.
அப்புறம் ஒரு நாணயம், படுக்கைவாட்டில்.

தாடை மூட்டிலிருந்து டாக்டர் ஊசியில் இழுத்தது
அரை தேக்கரண்டி இருக்கும்.
"இந்த மூட்டுக்குக் கூரை வெங்காயத்தோல் கனம்தான்.
அதற்கு மேலே மூளை" என்றார்.
அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில்
சூப் விற்கிறவளிடம் வெங்காயம் ஒன்று கேட்டு வாங்கி
தோலை விளக்கில் காட்டிப் பார்த்தேன்.
வெளிச்சம் அந்தப் பக்கம் போயிற்று.

கூரை தாங்கியது. காய்ச்சல் இறங்கியது.
எலும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
இவள் பல்லிடுக்கில் கஞ்சி உறிஞ்சிப் பிழைத்தாள்.
கூவுவதற்குப் பதில் தகரக் கதவைத் தட்டினாள்:
செஹாவுக்கு ஒரு தட்டு, பிராதோவுக்கு இரண்டு.
தட்டு புரியாமல் ஏறி, எங்கோ இறங்கிய ஒருவர்
"வாயைத் திறந்து சொன்னால் என்ன?" என்று கத்தினார்.
பிரேக்கை மிதித்தேன்.
அவள் கையமர்த்தினாள்.

ஒட்டிய எலும்பை வெட்டி
நடுவில் சதை வைத்துத் தைத்தபின்
மிச்ச வேலை குச்சிகளுக்கு.
ஐஸ் குச்சி போன்ற தட்டை மரத்துண்டுகள்,
பல்லுக்கிடையே அடுக்கி, வாரம் ஒன்று கூட்டவேண்டும்.
ஒன்பதாவதில் அழுதாள்.
பத்தாவதைத் தெருவில் எறிந்தாள்.
நான் பொறுக்கிக் கழுவினேன்.

பதினொன்று நுழைந்த வாரம்,
விடிகாலை நாலரை, என்ஜின் சூடேறக் காத்திருந்தோம்.
அவள் முகம் திடீரென்று கோணியது.
ஐயோ, மறுபடியுமா என்று
கதவைத் திறந்து பாதி இறங்கிவிட்டேன்.

கொட்டாவி.
வலப்பக்கம் இழுத்துக்கொண்ட,
பதினான்கு மாதம் அடைபட்டுக் கிடந்த கொட்டாவி.
அடக்கமுடியாமல் நானும் விட்டேன்.
பின்சீட்டில் ரொட்டிக்காரியும்.

கூவல் இன்னும் வரவில்லை.
ஒரு தட்டு தட்டினாள். செஹா.