நாற்பத்தொன்று

பிரேக்கைத் தொட்டால் போதும்,
மூக்கைத் தரையில் குத்திக்கொள்ளும் வண்டி.
வடமுனை வரை நான்கு கோடைகள்,
இரண்டு பெட்டி, ஒரு கூடாரம், என் தொந்தி.
ஸ்பிரிங் எத்தனை நாள்தான் தாங்கும்?

ஃபோர்க் மூடியை அழுத்தித் திருகினேன்.
கடைசி மரையில் துள்ளி
கொட்டகைத் தகரத்தில் மோதி
விறகுக்குள் போய் விழுந்தது.
கறுத்த எண்ணெய் சொட்டச் சொட்ட
பழைய ஸ்பிரிங் வெளியே வந்தது,
மீன் குடல் நாற்றத்தோடு.
புதியதன் பக்கத்தில் நிறுத்தினால்
ஒரு விரற்கடை குள்ளம்.

இரண்டு காலுக்கும் எண்ணெய் ஊற்றி மட்டம் பார்த்தேன்,
பைப்புத் துண்டு அறுத்துச் செருகினேன்.
இதுவரை தனி ஆள் வேலை.
ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமிழ்கிறது என்பதை மட்டும்
உட்கார்ந்தவன் பார்க்க முடியாது.
குனிந்தால் கணக்கு மாறிவிடும்.

குவோப்பியோ முப்பது கிலோமீட்டர்.
கூப்பிடு தொலைவில் இர்மெலி மட்டும்.
அவள் எல்லையில் நின்ற பிர்ச் மரத்தை நான் வெட்டியதிலிருந்து
மூன்று பனிக்காலம் பேச்சில்லை.

வேலிக்கு மேலே டேப்பை நீட்டினேன்.
ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.
தூணில் முழங்கையை முட்டுக்கொடுத்து ஏறினேன்.
முட்டி போட்டாள்.
"ஐம்பத்தாறு."
இறங்கினேன், நீளமான துண்டாக அறுத்தேன்.
"நாற்பத்தொன்பது."
மறுபடி.
"நாற்பத்தொன்று."

அவ்வளவுதான் வேண்டியது.
ஆனாலும், "இன்னொரு தடவை பாரேன்" என்றேன்.
அவள் கழுத்தில் ஒரு கொசு.
"நாற்பத்தொன்றுதான்."
எழுந்திருக்கவில்லை.
"அந்த மரத்தில் ஆந்தை இருந்தது."

டேப் சட்டென்று உள்ளே சுருண்டது.
நான் இறங்காமல் இருந்தேன்,
என் முழு எடையோடு.