தூக்கத்துக்கு நான்கு கிரெடிட்

உளவியல் முதல் தாளில் நூற்றுக்கு நான்கு
ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தால் வரும்.
திரையில் வந்துபோகும் முகங்களுக்கு
கோபமா துக்கமா எனப் பொத்தான் அழுத்தினால் அரை.
பனிக்கட்டி நீரில் கையை வைத்து
தாங்கும் மட்டும் தாங்கினால் ஒன்று.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கட்டூனில் அதை நாங்கள்
பஸ் நிறுத்தத்தில் இலவசமாகவே செய்கிறோம்.

பட்டியலின் கடைசியில் இருந்தது:
ஆய்வகத்தில் இரண்டு இரவு உறங்க வேண்டும்.
நான்கு கிரெடிட்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தேன்.
உறங்கினால் போதுமாம்.
தலையணை அவர்களுடையதாம்.

பாதாள மாடியில் ஒக்ஸானா என்றொரு பெண்.
நெற்றியில் ஒட்டப்போகும் கம்பிகளை
நிறவாரியாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள்:
சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்?

பொய் சொல்லத் தெரியாமல் இல்லை.
வாடகை ஒப்பந்தத்தில் இருவர் என்று எழுதி
ஐந்து பேர் இருக்கிறோம்.
ஆனால் அந்த அறை அவ்வளவு கதகதப்பாக இருந்தது;
நாக்கு தளர்ந்து நாலு என்றது.
எப்போது?
காலையில். வகுப்பு இல்லாத நாளில்.

மன்னிக்கவும், என்றாள்.
இயல்பாக உறங்குபவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்.
கலந்துகொள்ள இயலாதவர்களுக்கு
மாற்று வழி உண்டு,
கிரெடிட் அதே நான்கு,
என்று ஒரு கட்டுரையை நீட்டினாள்.
படித்து மூன்று பக்கத்தில் சுருக்க வேண்டும்.

தலைப்பைப் படித்துச் சிரித்துவிட்டேன்.
அவளும் சிரித்தாள், காரணம் புரியாமல்.

எட்டாம் தெரு பெட்ரோல் பங்கில்
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன் நான்.
சட்டையில் என் பெயர் 'பரி'.
இளம்பரிதி என்றால் அந்தத் தகட்டில் இடம் போதாது.
கட்டுரையில் எனக்குப் பெயரே இல்லை.
முப்பத்தெட்டு இரவுப் பணியாளர்கள்.
அவர்கள் தாமதமாகப் பொத்தான் அழுத்துகிறார்கள்.
சொற்களை மறக்கிறார்கள்.
சோகமான முகத்தைச்
சாதாரண முகம் என்கிறார்கள்.

மூன்றரை மணிக்கு லாரிக்கார வேர்ன் வந்தார்.
மீசையில் பனி உருகிச் சொட்டியது.
என்ன எழுதுகிறாய்?
தூக்கத்தைப் பற்றி.
எங்கேயோ கேள்விப்பட்ட ஊர்போல
'ஓ' என்று தலையாட்டி
பெரிய காபியாக எடுத்துக்கொண்டு போனார்.

நான்காவது பத்தியை எப்போது எழுதினேனென்று
எனக்கே நினைவில்லை.
அவர் கதவைத் தள்ளியபோது
உள்ளே வந்த குளிர்,
மூன்றாம் பம்பில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை,
நாலு மணிக்குமேல் குளிர்பெட்டியின் ரீங்காரம்
யாரோ நம்மைக் கூப்பிடுவதுபோலாகி
நானும் ஒருமுறை 'வரேன்' என்றது
எல்லாம் அதில் இருந்தன.

நான்குக்கு மூன்று போட்டிருந்தார்கள்.
ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு:
தெளிவான சுருக்கம்.
ஆனால் நான்காம் பத்தியில் உள்ளது
கட்டுரையில் எங்கும் இல்லை.

உண்மைதான்.
மறுமதிப்பீட்டுக்கு நான் எழுதிப் போடவில்லை.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை
இரண்டாம் பம்பில் பழைய கார் ஒன்று.
உள்ளே வந்தது ஒக்ஸானா.
கண்கள் சிவந்து, முடியில் பசை காய்ந்து.
என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை;
முகங்களைத் தப்பாகப் படிக்கும் நேரம் அது.
இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு
அறுபது இரவு கணக்குக் காட்ட வேண்டுமாம்.
அடுத்தவர் உறங்குவதைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்து
விழித்திருந்து பார்க்க வேண்டுமாம்.
இது நாற்பத்திரண்டாவது.

எப்படித் தூங்கினான் இன்றைக்கு, என்றேன்.
கட்டை மாதிரி, என்றாள்.
குறட்டை வேறு.
அந்தக் குரலில் இருந்தது
கோபமா துக்கமா,
நான் அழுத்த வேண்டியது எந்தப் பொத்தான்?

காபிக்குக் காசு வாங்க மறந்துபோனேன்.
அவளும் கொடுக்க மறந்து
கார்வரை போய்
திரும்பி வந்தாள்.