எண்பத்தாறாம் ஆண்டின் கணக்கு

கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லியே
விடுதியைக் காலி செய்த அன்று
நோட்டை என் தலையில் கட்டினார்கள்.
நீல அட்டை. உள்ளே இருபத்து மூன்று பெயர்கள்.
கல்யாணத்துக்கு இவ்வளவு,
பிள்ளை பிறந்தால் இவ்வளவு,
தாயோ தகப்பனோ போனால் இவ்வளவு.
மூன்றே வரியில் சட்டம் எழுதியவள் அராபா.
அப்போது அவளுக்குப் பதினெட்டு.
வாழ்க்கையில் வேறென்ன நடந்துவிடப்போகிறது
என்று நினைத்திருப்பாள்.

முதல் வரவும் அவளுக்கே.
கேப் கோஸ்டில், கடலைப் பார்த்த கோயிலில் கல்யாணம்.
ஒரே சுருள் துணியில் எல்லோருக்கும் உடை,
மஞ்சளில் பச்சை மீன்கள்.
ஃபுசேனா தமாலேயிலிருந்து
வெங்காய லாரியில் இரண்டு நாள் வந்து
பந்தியும் முடிந்தபின் இறங்கினாள்.
மீன்களில் ஒரு கசங்கல் இல்லை.

எசெனாமுக்கு இரட்டைப் பிள்ளை.
ஒரு தொகையா இரண்டா என்று
மூன்று மாதம் கடிதங்கள் பறந்தன.
இரண்டு என்று தீர்ந்தது.
நா கோர்கோரின் அப்பாவுக்குக்
கறுப்பும் சிவப்பும் உடுத்தி நின்றோம்.
மான்ஸா லண்டனில் நர்ஸ்.
பவுண்டில் அனுப்பிவிட்டு
மீதிச் சில்லறை எங்கே என்பாள்.

என் அம்மா மூன்றாம் படிவத்திலேயே போய்விட்டாள்,
சட்டம் எழுதுவதற்கு முன்பு.
அப்பா யார் என்பது வீட்டில் பேசாத பேச்சு.
மாப்பிள்ளை வரவில்லை, பிள்ளையும் இல்லை.
டெமா துறைமுகத்தில் எடை எழுதும் வேலை எனக்கு.
ஒரு ராத்திரி மின்சாரம் போனபோது
மெழுகுவர்த்தியில் நோட்டைக் கூட்டினேன்.
கொடுத்த பத்தியில் என் பெயர்
நூற்றுப் பன்னிரண்டு முறை.
வாங்கிய பத்தியில்
ஒரு கரப்பான் கடித்த ஓட்டை.

வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.
மொத்தத்தைச் சிமெண்ட் மூட்டை விலையால்
வகுத்துப் பார்த்தேன்.
அங்கேதான் தப்பு செய்தேன்.

கசோவாவுக்கு அப்பால்
பத்தொன்பது வருடமாக எழும்பிக்கொண்டிருந்தது
என் வீடு.
கையில் காசு உள்ள மாதம் பத்துக் கல்,
இல்லாத மாதம் பாசி.
ஜன்னல் துவாரத்தில் பப்பாளி முளைத்துக்
காய்த்து, பழுத்து, விழுந்து,
மறுபடி முளைத்தது.

போன மார்ச்சில் தகரம் ஏறியது.
கைபேசியில் எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பினேன்:
கூரை போட்டாயிற்று.
அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்து நின்றார்கள்.
கதவு கிடையாது, தட்டுவதற்கு.
அராபா பெருத்திருந்தாள்.
ஃபுசேனாவின் மீன் உடை
இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் மூச்சு முட்டியது.
சிமெண்ட் தரையில் பாய் விரித்து,
விளக்கணைக்கும் மணியே அடிக்காத ராத்திரியில்
அடித்துக்கொண்டார்கள்.

கல்யாணக் கணக்கில் போடு என்றாள் அராபா.
பத்தொன்பது வருடம் சுமந்திருக்கிறாள்,
பிரசவம்தான் இது என்றாள் எசெனாம்.
சட்டத்தில் இல்லையே, பிறகு ஆளாளுக்குக்
கார் வாங்கினேன் என்று வருவார்கள்
என்றாள் நா கோர்கோர். அவள் சொன்னதும் நியாயம்.
லண்டனிலிருந்து மான்ஸா கேட்டாள்:
தகரத்துக்கு ரசீது இருக்கிறதா?

நடுவில் மழை.
எல்லோரும் வாயை மூடிக்கொண்டு
தகரத்தைக் கேட்டோம்.
இரண்டாவது அறையில் ஓர் ஆணித் துளை
சொட்டியது. சட்டியை வைத்தேன்.

ஐந்து மணிக்கு எவரும் எழுப்பாமல் எழுந்தோம்.
அராபாவின் கை, கண் திறக்கும் முன்பே,
வாளியைத் தேடித் தரையைத் துழாவியது.
குளியலறை வரிசையில் முந்த வேண்டுமே.

நோட்டில் நான்காவது வரி:
கூரை.
எதிரே தொகை இன்னும் எழுதவில்லை.

எசெனாம் அதற்குள்
சொட்டு நிறைந்த சட்டியிலேயே
காரியைக் கொட்டிவிட்டாள், மரவள்ளிக் குறுணையை,
சர்க்கரையும் வேர்க்கடலையும் போட்டு.
துருத் தண்ணீரடி, வயிற்றுக்கு ஆகாது என்றேன்.
ஆறு கரண்டி இருந்தது.
தின்றோம்.