மூன்றாவது ஷிப்ட்

ஒஷாவாவில்
மூன்றாவது ஷிப்டை மூடிய கிழமை
பழைய எம்.பி. வந்தார்.
பிழையில்லாமல் வணக்கம் சொன்னார்.
வேலையின்மை அரை வீதம் இறங்கிவிட்டதாம்.
அந்த அரை வீதத்தில்
நான் எந்த ஓரத்தில் நிற்கிறேன் என்று கேட்க
நா எழவில்லை.

புதியவன்
டோனட் கடை வாசலில்
பால் பெட்டி ஒன்றின் மேல் ஏறி,
"உங்களிட்டக் களவெடுத்திட்டாங்கள்" என்றான்.
என்னத்தை என்று சொல்லவில்லை.
டார்லீன் அழுதாள்.
பதினெட்டு வருஷம் பெல்ட்டில்
கதவுப்பிடி பூட்டிய என் கை
தானாகத் தட்டியது.

"வந்தேறினவங்கள்" என்று
அவன் விரல் நீட்டிய பக்கம்
என் கார் நின்றது.
வெண்டெல் தோளில் கைபோட்டு,
"உன்னைச் சொல்லேல்லை, நாயகம்" என்றான்.

உள்ளங்கை இன்னும் சுட்டது.
அந்தக் குளிருக்கு
அதுவே பெரிசு.