பிரிக்காத பன்

ஒட்டம்வாவில் பிப்ரவரி.
கராஜில் ஹீட்டர் இருமுகிறது.
ஆறு மணிக்குச் சீட்டாட வருவார்கள்.
ஜனெல் வாணலியில்
கொத்திய மாட்டுக்கறியை
மரக்கரண்டியால் குத்திக் குத்தி உதிர்க்கிறாள்.
வடையாகத் தட்டுவது ஊரெல்லாம் செய்வது.
அயோவாவில் கறி
உதிரியாகத்தான் கிடக்க வேண்டும்,
வெங்காயம், கடுகு விழுது, கொஞ்சம் சாறு.
கெட்சப் ஊற்றினால் அதற்கு வேறு பெயர்,
வேறு சண்டை.

பன்களைப் பிரிக்கவில்லை.
பன்னிரண்டும் ஒட்டியபடியே
ரம்பக்கத்தியால் குறுக்கே அறுத்து
மேல்பாதியை ஒரே பலகையாகத் தூக்கினாள்.
கூரை கழற்றிய வீடு,
உள்ளே வெறும் வெள்ளை.
கறி. சீஸ். மறுபடி கூரை.
உருக்கிய வெண்ணெய் தடவி
கசகசா தூவி
அலுமினியத் தாள் போர்த்தி
அவனுக்குள் தள்ளினாள்.

வெண்டலும் வந்தார், லோரனும் வந்தான்.
அறுவடை இயந்திரம் விற்ற பணத்தில்
நவம்பரிலிருந்து பேச்சில்லாத
அண்ணன் தம்பி.
மேசைக்கு இரண்டு முனை இருந்தது நல்லதாயிற்று.

கடைசியில் தட்டில் இரண்டே பன்,
ஒட்டிக்கொண்டு.
ஆட்டம் நின்றது.
யாரோ இருமினார்கள், ஹீட்டர் இல்லை.
லோரன் இரண்டையும் சேர்த்து அள்ளி
வாயருகே கொண்டுபோனான்.
அடி பிளந்து
பாதிக் கறி மடியில்.

“உனக்கு எப்பவும் முழுசும் வேணும்”
என்றார் வெண்டல்.
மூன்று மாதத்தில் முதல் வாக்கியம்.
ஒரு ஸ்பூனை அவன் பக்கம்
நீட்டினார்,
அல்லது எறிந்தார்.
தட்டை எடுக்கக் குனிந்திருந்த ஜனெலுக்கு
சத்தம் மட்டும்தான் கேட்டது.