மூன்றாம் பக்கத்தில் பதினேழு தென்னை

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்திலிருந்து
கேதீஸ்வரன் எடுத்தார். கோபமில்லாத குரல்,
அதுதான் பயமாயிருந்தது.
"தங்கச்சி, உம்மட படிவம் நாலாம் பக்கம் போனவுடன
மூண்டாம் பக்கத்தை மறக்குது.
ஆனை முறிச்ச தென்னை பதினேழு எண்டு
இந்த அம்மா மூண்டுதரம் சொல்லிப்போட்டா.
நாலாந்தரம் கேட்க எனக்கு வாய் வருதில்லை."

கிளிநொச்சியில் டயர்கடைக்கு மேல்மாடியில் என் மேசை.
மின்விசிறி அதே வெக்கையைத் திரும்பத் திரும்பப் பரிமாறும்.
பிழை என்னுடையதில்லை என்றுதான் முதலில் தோன்றியது.
உலாவியின் இயல்பு அது,
பக்கம் மாறினால் பழைய பக்கத்தின் மூச்சு நிற்கும்.
ஓர் இலக்கத்தைப் பிடித்துவைக்கும் பெட்டிக்குப்
பாடப்புத்தகம் இட்ட பெயர் மாறி.
மாறும் என்பதால் மாறி.
மாறினால் இல்லாமற் போகும் என்று
ஓர் ஆசிரியரும் சொன்னதில்லை.

நாலாம் பக்கம் அவளை முன்பின் கண்டதில்லை.
பெயர்?
கிராம அலுவலர் பிரிவு?
சேதமான மரங்கள்: 0

யானைவெடி கொளுத்தியபடி
விடியும்வரை வேலியோரம் நின்றவளிடம்
என் படிவம் சொன்னது, பூச்சியம்.

நிலையைக் காவிச் செல்ல வேண்டும் என்பது
எங்கள் தொழிலின் பேச்சு.
காவுதல் என்றதும் எனக்கு வருவது
உழவு மிசின் பெட்டி.
ஆறு வயது. அப்பா வாசல் நிலையைச்
சுவரிலிருந்து பெயர்த்துக் கதவோடு ஏற்றினார்.
நாலு ஊரில் இறக்கினோம்.
ஐந்தாவதில் சுவர் இல்லை.
நிலையை நிமிர்த்தி அதில் தறப்பாளைக் கட்டினோம்.
பக்கமெல்லாம் திறந்து கிடந்தும்
அம்மா அதன் வழியாகத்தான் உள்ளே போவா.
படிவத்தில் முந்திய முகவரிக்கு
ஒரு கட்டம்தான் வைத்திருக்கிறேன்.

அன்றிரவே திருத்தினேன்.
அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும்
உலாவியின் உள்ளறையில் பதிந்துவைத்தேன்.
மின்சாரம் போகட்டும், கணினியை அணைத்து எழுப்பட்டும்,
பதினேழு பதினேழுதான்.
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். பெருமையாக இருந்தது.

காலை ஒன்பதரை. திரும்பவும் கேதீஸ்வரன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
"இப்ப கற்சிலைமடு இராசநாயகத்தார் வந்திருக்கிறார்.
மனுசனுக்கு நெல்லு மட்டும்தான்.
படிவத்தைத் திறந்தா அவற்ற காணிக்குள்ள
பதினேழு தென்னை நிக்குது."
"நிக்கேல்லை, முறிஞ்சு கிடக்குது"
பின்னால் ஒரு குரல் திருத்தியது.

ஒரே கணினி. அதன் முன்னால் வரிசையாக ஒரு ஊர்.
மறதியை மட்டுமே நோய் என்றிருந்தேன்.
மறக்கத் தெரியாததும்
அடுத்தவர் காணியில் மரம் நடும்.

இரண்டாம் திருத்தம்:
அந்தச் சாளரம் திறந்திருக்கும்வரை வைத்திரு.
அனுப்பியதும் விடு.
அனுப்பாமல் எழுந்து போனாலும்,
சாளரம் மூடியதும் விடு.
ஆறு வரிதான், நாலு மணித்தியாலம் பிடித்தது.
எப்போது விடுவது என்ற வரியில்தான்
அதிகநேரம் இருந்தேன்.

வியாழக்கிழமை மாங்குளத்தில் பஸ் மாறி
நானே நேரில் போனேன்.
தவமலர் என்பது அவர் பெயர். கையில் வெடிமருந்துக் காயம்.
இடையில் இரண்டுதரம் இணைப்பு அறுந்தது.
ஒருதரம் மின்சாரமே போய்,
கணினி பழைய மின்கலத்தில் முனகியபடி கிடந்தது.
ஆனாலும் ஒன்பதாம் பக்கம் வந்துவிட்டோம்.

"அனுப்பவா அம்மா?"
"கொஞ்சம் பொறும் பிள்ளை. பின்னுக்குப் போகலாமோ?"

போனோம். எட்டு, ஏழு, ஆறு,
வாய்க்கால் சேதம், வேலிக்கம்பி, அடையாள அட்டை.
மூன்றாம் பக்கத்தில்
வைத்த இடத்திலேயே இருந்தது பதினேழு.

"அதைப் பதினாறாக்கும்.
கிணத்தடியில சரிஞ்சு கிடந்தது
நேற்றுக் குருத்து விட்டிருக்கு."

காசு குறையும் என்றார் கேதீஸ்வரன்.

"குறைஞ்சா என்ன,
மரம் நிக்குதெல்லே."